சந்தோஷம் வற்றிப் போவது ஏன்?

(பட்டினப்பாக்கம் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம் கிளைத் தோழர் ஒருவர் ஆறு மாதமாகக் கூட்டத்திற்கு வருவதில்லை, கடலுக்கும் போவதில்லை. வீட்டம்மா ஆசையாக வைத்த வஞ்சிரக் குழம்பைத் தொடுவதில்லை. பேரப்பிள்ளை ஓடி வந்தாலும் தூக்குவதில்லை. “சோம்பேறியாகிவிட்டார், பதிவேட்டில் பெயரை அடித்துவிடலாம்” என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. பேசியவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். அது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

நமது மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் தோலிலும் நுண்ணிய மதகுகள் இருக்கின்றன. உப்பிலே உள்ள சோடியமும், இளநீரிலே உள்ள பொட்டாசியமும் மின்னேற்றம் பெற்ற துகள்களாக இவற்றின் வழியே போய் வருகின்றன. சோடியம் உள்ளே பாய்ந்தால் உயிரணு துடிக்கிறது; பொட்டாசியம் வெளியேறினால் அடங்குகிறது. இதை 1952-ல் கண்டு சொன்னவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள். எதை வைத்துக் கண்டார்கள் தெரியுமா? கணவாயின் தடித்த நரம்பை வைத்து! நமது வலையில் விழுகிற ஜாதிதான். 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மூளையின் நடுப்பகுதியில், ருசியையும் ஆசையையும் தூண்டுகிற உயிரணுக் கூட்டம் ஒன்று உண்டு. 2007-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதைச் சுண்டெலிகளிடம் ஆராய்ந்தார்கள். பத்து நாள், தினம் ஒரு முரட்டு எலியின் கூண்டில் சிற்றெலியை விட்டார்கள். அடிதான். தப்ப வழியில்லை. முடிவில் பல எலிகள் சர்க்கரைத் தண்ணீரில்கூட நாட்டம் இழந்தன. இனத்தோடு சேரவும் மறுத்தன. அந்த உயிரணுக்கள் தூங்கிப் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, ஓய்வின்றிப் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன.

சில எலிகள் மட்டும் தாக்குப்பிடித்தன. அவற்றில் பொட்டாசிய மதகுகள் பெருகியிருந்தன. 2014-ல் இன்னொரு விசித்திரம் வெளிவந்தது. தாக்குப்பிடித்த எலிகளில் துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் தோற்றவற்றைவிட அதிகம்! அது ஓர் அளவைத் தாண்டியதும் அடக்கும் மதகுகள் திறந்துகொண்டன. (ஏங்கெல்ஸ் படித்திருந்தால் சிரித்திருப்பார்.)

அந்த மதகைத் திறக்கும் எஸோகாபின் என்ற வலிப்பு மருந்தை, மனச்சோர்வுற்ற 45 பேரிடம் பரிசோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வாரத்தில், மருந்து பெற்றவர்களுக்குச் சந்தோஷ உணர்வு கூடியது. ஆனால் மூளைப் படத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதை முடிந்த முடிவென்று நாம் கொண்டாடவில்லை. அந்த மருந்து தோலை நீலமாக்கும், கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும் என்ற புகாரும் உண்டு. உபயோகிப்போர் மிகக் குறைவு என்று கம்பெனி 2017-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது.

சரி, மதகை மட்டும் பார்த்தால் போதுமா? கூண்டை யார் பார்ப்பது? நமது தோழரின் வீட்டை 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கொண்டுபோயிற்று. பிறகு கட்டியதைக் கடல் அரித்தது. மிச்சத்தை வட்டிக்காரன் அரித்தான். “சமுதாயம் மாறினால் எல்லாம் சரியாகும், டாக்டர் எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கால் முறிந்தவனிடம் அப்படிச் சொல்வோமா? இதுவும் உடம்பில் நடப்பதுதான். பூசாரியிடம் அழைத்துப் போக நினைக்கும் தாய்மார்களுக்கும் இதையே சொல்கிறோம்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, வைத்தியம் இலவசம். போகக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் பேசலாம்.

தோழரின் பெயர் பதிவேட்டில் இருக்கும். திங்கட்கிழமை காலை அவரைக் கீழ்ப்பாக்கம் அழைத்துப் போக இரண்டு பேர் வேண்டும். அவர்களுடைய அன்றைய கூலியைக் கிளை நிதி கொடுக்கும். யார் வருகிறீர்கள், கையைத் தூக்குங்கள்.