உப்பில்லாக் கீரையும் ஒரு சிற்றரசும்



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே முக்தியாலீசுவரர் கோயில். மேற்கே திண்டிவனம், கிழக்கே உப்பளம். இந்தச் சாலையின் இரு முனையும் ஒரு காலத்தில் ஒருவன் கையில் இருந்தன. அவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவன் ஊர். அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

மூவேந்தர் இருக்க, இந்தக் கரைத்துண்டின் தலைவனை யார் நினைவில் வைப்பார்கள்? 269 அடிகளில் ஒரு பாட்டு வைத்திருக்கிறது. மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் இடைக்கழிநாட்டுக்காரர், நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. சின்ன அரசைப் பாடுவது தனிக்கலை. இன்று அதைத்தான் எடைபோடப் போகிறேன்.

பெரிய அரசனென்றால் படையைப் பாடலாம், வென்ற நாடுகளை அடுக்கலாம். சின்னவனிடம் அதெல்லாம் எங்கே? நத்தத்தனார் வழியைப் பாடினார். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் மீனவரான நுளையர் வீட்டில் தேறல் என்னும் கள் கிடைக்கும். வேலூரில் வேட்டுவரான எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கறியும். அரசனைப் பார்ப்பதற்கு முன்பே வயிறு நிறைந்துவிடுகிறது! குடிமக்கள் சமைத்துப் போட்டே அரசனைப் புகழ்ந்துவிடுகிறார்கள். கடைசியில் நல்லியக்கோடன், வீமன் எழுதிய சமையல் நூல் முறைப்படி ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் இட்டு, தானே பக்கத்தில் நின்று ஊட்டுகிறான்.

சின்ன அரசைப் பாடும் இதே கலை இன்னும் மூச்சு விடுகிற இடம் ஒன்று உண்டு. பசிபிக் கடலில், பாலினீசியத் தீவுக்கூட்டத்தில், டோங்கா. ஏறக்குறைய 170 தீவுகள், சுமார் ஒரு லட்சம் பேர், தலைநகர் நுகுஅலோபா. 1875இல் முதலாம் ஜார்ஜ் துபோ அரசியலமைப்பு தந்தார். 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தும் அரசமரபு அறுபடவில்லை. 2010இல் மன்னரின் அதிகாரம் சுருங்கியது. 2012 முதல் ஆறாம் துபோ மன்னர்.

அங்கே ஒரு ஆட்டம். பெயர் லகலகா. சினிமாச் சிரிப்பு யாருக்காவது நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல! அந்தச் சொல்லுக்கு விரைந்து நடப்பது என்றே பொருள். வழி சொல்லும் ஆற்றுப்படையும் நடையின் பாட்டுதானே. சில நூறு பேர் நீண்ட வரிசைகளில் நிற்பார்கள். பெண்கள் ஒரு பாதி, ஆண்கள் மறுபாதி. பெண்களின் கை நீர்போல அசையும், ஆண்களின் அசைவு துள்ளும். அரை மணி நேரம் ஓடும். பாட்டு, இசை, அசைவு மூன்றையும் ஒரே ஆள் இயற்றுகிறார்; அவருக்குப் புனாகே என்று பெயர். 1918 முதல் 1965 வரை ஆண்ட மூன்றாம் சலோத்தே அரசி, தாமே பெரிய கவிஞர். பாடப்படுகிற இடத்தில் இருந்தவரே பாடவும் செய்தார். 

அந்தக் கவிதையின் உயிர், ஹெலியாக்கி. ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பது. மலரைச் சொன்னால் அது அரசகுலம். நம் உள்ளுறை உவமத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்களின் அழகைப் பாடுவதற்கென்றே அங்கே ஒரு பாட்டு வகையும் உண்டு.

லகலகாவை 2003இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஊரே நின்று ஆடுவதால் அது உயிரோடு இருக்கிறது. நம்முடையது ஓலையில் ஒடுங்கிக் கிடந்து, 1889இல் உ.வே.சாமிநாதையர் அது அடங்கிய பத்துப்பாட்டை அச்சிட்ட பிறகுதான் பலர் கைக்கு வந்தது. ஓய்மாநாடோ சோழர் கல்வெட்டுகளில் ஒரு நாட்டுப் பிரிவின் பெயராகச் சுருங்கிவிட்டது.

நத்தத்தனாரிடம் எனக்கு ஒரு குறை. மூவேந்தரின் வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றும் நல்லியக்கோடன் கொடைக்கு முன் வறியவை என்கிறார். சின்னவனை உயர்த்தப் பெரியவர்களை மட்டம் தட்டும் அந்த இடம் எனக்குச் சுவைக்கவில்லை. அவர் கை ஓங்குவது பாணனின் வீட்டில்தான். அடுப்படியில் ஈன்ற நாய் குரைக்கிறது. மனைவி குப்பையில் கிள்ளிய வேளைக்கீரையை உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள்.

அந்த வீட்டிலிருந்து கிளம்பியவன் நல்லியக்கோடன் நாட்டில் முதலில் எட்டுவது, இன்று உப்பு விளைகிற இந்தக் கரையை. அங்கே தேறலோடு அவன் கைக்கு வருவது சுட்ட குழல்மீன் கருவாடு.