குவார்ட்ஸைட்டில் ஒரு குளிர்காலம்

அரிஸோனா என்றவுடனே உங்கள் மனக்கண்முன் வந்து நிற்கக்கூடிய அந்த மகா பள்ளத்தாக்கைப் பற்றி இன்று நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. அதை நேரில் காணாதவர்கள்கூட நாட்காட்டிப் படங்களில் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பீர்கள். எனக்கு அபிமானமான இடம் அந்த ராஜ்யத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பீனிக்ஸ் நகரிலிருந்து பத்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் சுமார் 125 மைல் போய், கொலராடோ நதியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 20 மைல் முன்னதாக, இரு பக்கமும் மொட்டை மலைகள் காவல் நிற்க, நடுவே சரளைக்கல் விரித்த சமவெளியில் கிடக்கும் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூர் அது. பீனிக்ஸில் என் மகள் குடித்தனம் செய்கிறாள், குளிர்காலத்தில் அவளிடம் போய்த் தங்கும்போதெல்லாம், “அப்பாவுக்கு அந்தக் கல்லுக்காட்டில் அப்படி என்னதான் இருக்கிறதோ!” என்று அவள் சலித்துக்கொள்ள, மாப்பிள்ளை மட்டும் மறுபேச்சில்லாமல் காரில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்.

2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அவ்வூரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 2,400 பேர். கோடையில் உஷ்ணம் 110 டிகிரியைத் தாண்டும்போது, கடைக்காரர்களிலேயே பலர் கதவைப் பூட்டிக்கொண்டு வேறு ஊர் தேடிப் போய்விடுவார்கள். ஜனவரி பிறக்கட்டும், அப்போது வந்து பாருங்கள்! ஆர்.வி. என்று இரண்டெழுத்தில் வழங்கும் வீட்டு வண்டிகள், அதாவது படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளடக்கிய சக்கர வீடுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று நிற்கும். நம்பர் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் மினசோட்டா, மாண்டானா, கனடா தேசத்து ஆல்பர்ட்டா, ஸஸ்காச்சுவான் என்று வடதிசைப் பூகோளம் முழுவதையும் ஒரு காலை நேரத்தில் ஒப்பித்துவிடலாம். உத்தியோகத்திலிருந்தும் வயல்வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, பனியை வாரி வாரி முதுகு வலித்துப்போன இந்த விருத்தர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்று அந்நாட்டார் அழைக்கிறார்கள். பகலில் 70 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இளவெயில். இரவில் ஒரு கம்பளியும் ஒரு நெருப்பும் போதும். வருஷத்துக்கு ஏதோ நாலைந்து அங்குலம் மழை பெய்தால் அதிகம்.

இவ்வளவு பேருக்கும் இடம் ஏது என்று கேட்பீர்கள். எல்லாம் சர்க்கார் புறம்போக்குத்தான். ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற பெயரில் 11,000 ஏக்கருக்கு மேற்பட்ட மத்திய சர்க்கார் நிலத்தை இத்தகைய நெடுநாள் விருந்தாளிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 1983-இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்கிக்கொள்ளப் பல வருஷங்களாக வாங்கிவந்த கட்டணம் 180 டாலர். அந்த ஏழு மாதத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது ஆகாயமும் கள்ளியும் சரளையுமே. வண்டிக்கு வண்டி தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரக் கம்பி கிடையாது, சாக்கடை கிடையாது. நுழைவாயிலருகே பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாயும், கழிவுநீரைக் கொட்ட ஓரிடமும், குப்பைத் தொட்டியும் உண்டு, அவ்வளவுதான்.

இதில் என்ன சுகம் இருக்கிறது என்று நீங்கள் வினவினால், அந்த இல்லாமையைச் சமாளிப்பதிலேதான் சுகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். முப்பது நாற்பது வருஷம் பிறருடைய கடிகாரத்துக்கு உழைத்து முடித்தவனிடம் திடீரென்று, “இனி உனக்கு ஒரு வேலையும் இல்லை” என்று சொல்லிவிட்டால், அவன் திண்ணையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்வான்? இங்கேயோ, பொழுது விடிந்ததும் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிற மாதமாதலால் சூரிய மின்தகடுகளை அவன் போகிற போக்குக்குத் திருப்பிச் சாய்த்து வைத்தாக வேண்டும். பாட்டரியில் தேறியிருக்கும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு, இன்றிரவு விளக்கா, சினிமாவா என்று மனைவியோடு கலந்தாலோசித்தாக வேண்டும்.

ஸஸ்காச்சுவானில் கோதுமை பயிரிட்டவரும் பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்த அவர் மனைவியும் எனக்குச் சிநேகிதர்கள். அந்த அம்மாள் பாத்திரம் கழுவுவதை நேயர்கள் பார்க்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் தட்டை முதலில் ஒரு காகிதத்தால் வழித்துத் துடைப்பார். காடி கலந்த தண்ணீரைச் சீசாவிலிருந்து இரண்டு பீச்சு பீச்சுவார். மறுபடி ஒரு துடைப்பு. நான்கு பேர் சாப்பிட்ட தட்டுகள் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் பளபளவென்று ஆகிவிடும். பிறகு அந்தச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, ஒரு புன்சிரிப்புச் சிரிப்பார். கோடைக்காலத்துச் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவன் என்ற முறையில், அந்தப் புன்சிரிப்பின் அர்த்தம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

புருஷருக்கு வேறொரு பைத்தியம். காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் வறண்ட ஓடைகளில் குனிந்த தலை நிமிராமல் நடப்பார். அகேட், ஜாஸ்பர், பால்போன்ற சால்ஸிடனி என்று சட்டைப்பை கிழியும்வரை கற்கள். அவற்றைச் சிறு ரப்பர்ப் பீப்பாய் ஒன்றில் போட்டு, உரைதூளும் தண்ணீரும் சேர்த்து மூடி, மோட்டாரின்மேல் வைத்து ராப்பகலாக உருட்டுவார். முதல் வாரம் கரடுமுரடான தூள், அடுத்த வாரம் அதைவிட நயம், பிறகு இன்னும் நயம், கடைசியாக மெருகுப்பொடி. ஆக, ஒரு கல் கண்ணாடிபோல் மின்ன ஒரு மாதம் ஆகும். நடுவில் அவசரப்பட்டுத் திறந்து பார்ப்பவனுக்குச் சேறுதான் தரிசனம். “இத்தனை மெனக்கெட்டு இந்தக் கல்லை விற்றால் என்ன கிடைக்கும்?” என்று நம் ஊர்ப் புத்தியோடு ஒருநாள் கேட்டேன். “விற்பதாவது! பேரன் பேத்திகளுக்குத்தான். அவர்களும் வேண்டாமென்றுதான் சொல்கிறார்கள்” என்றார்.

சரி, கடைத்தெருவுக்குப் போவோம். இன்று அதைக் காட்டுவதாகத்தான் உத்தேசித்திருந்தேன். ஊருக்குள் நுழைகிற வழியில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று திசை சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன். ஒரு பழைய இடுகாடு இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதனுள்ளே பலநிறக் கற்களால் கட்டிய ஒரு சின்னப் பிரமிடு. உச்சியில் உலோகத்தில் வெட்டிய ஓர் ஒட்டகம். அமெரிக்க இடுகாட்டில் ஒட்டகத்துக்கு என்ன ஜோலி? அதைச் சொல்லாமல் மேலே போக எனக்குக் கால் வரவில்லை.

1850-களில் ஜெபர்ஸன் டேவிஸ் என்பவர் அமெரிக்காவின் யுத்த மந்திரியாக இருந்தார். புதிதாகக் கைவசமான தென்மேற்குப் பாலைநிலங்களில் தளவாடம் சுமந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் தண்ணீரின்றித் தவிக்கக் கண்டு, கீழ்த்திசை நாடுகளில் யுகயுகமாகப் பாரம் சுமக்கும் ஒட்டகத்தை இங்கே வரவழைத்தால் என்ன என்ற யோசனை அவருக்கு உண்டாயிற்று. 1855-இல் காங்கிரஸ் சபை 30,000 டாலர் அனுமதித்தது. கடற்படைக் கப்பல் ஒன்று மத்தியதரைக் கடலோரத் துறைமுகங்களில் ஒட்டகம் ஒட்டகமாகப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, 1856 மே மாதத்தில் டெக்ஸஸ் கரையில் 34 பிராணிகளை இறக்கியது. அடுத்த வருஷம் இன்னும் 41 வந்தன. அங்கே வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனங்கள், இந்தக் கோணல் மிருகமா சுமை தூக்கப் போகிறது என்று பரிகாசம் செய்தார்களாம். பொறுப்பாளரான மேஜர் வெய்ன் ஒன்றும் பேசாமல் ஓர் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, இரண்டு புல்கட்டுகளை அதன்மீது ஏற்றினார். எழுந்திராது என்றது கூட்டம். அவர் மேலும் இரண்டு கட்டுகளை ஏற்றினார். மொத்தம் 1,200 ராத்தலுக்கு மேல். ஒட்டகம் நிதானமாக எழுந்து நின்று, நடந்து போய்விட்டது.

அந்த ஒட்டகங்களோடு வந்த பாகர்களில் ஒருவர் ஹாஜி அலி. சிப்பாய்களின் நாக்கில் அந்தப் பெயர் ‘ஹை ஜாலி’ என்று ஆகிவிட்டது. 1857-இல் பீல் என்ற அதிகாரி கொலராடோ நதிவரை பாதை வகுக்கப் புறப்பட்டபோது ஒட்டகங்களும் கூடப் போயின. கழுதைகள் மூக்கால் முகராத முட்செடிகளைத் தின்றுகொண்டே நடந்தன. நதியைக் கடக்கையில் குதிரைகளும் கழுதைகளும் சில மூழ்கிப்போக, ஒட்டகங்கள் யாவும் நீந்திக் கரையேறின. இவ்வளவு கெட்டிக்காரப் பிராணி நிலைத்திருக்க வேண்டாமோ? நிலைக்கவில்லை. கழுதை ஓட்டுகிறவர்களுக்கு அதன் நாற்றமும் பிடிக்கவில்லை, சுபாவமும் பிடிக்கவில்லை. அதைக் கண்டாலே கழுதைகளும் குதிரைகளும் மிரண்டு கட்டறுத்து ஓடின. 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஒட்டகங்களுக்குத் தாதாவாக இருந்த டேவிஸ் எதிர்க்கட்சித் தெற்கு ராஜ்யங்களின் ஜனாதிபதியாகிவிட்டார். அப்புறம் வாஷிங்டனில் ஒட்டகத்துக்காகப் பரிந்து பேச யார் இருந்தார்கள்? மிச்சத்தை ஏலம் போட்டார்கள்; சில வனாந்தரத்தில் அவிழ்த்து விடப்பட்டன.

அவிழ்த்து விட்டதிலிருந்து கதைகள் பிறந்தன. செம்மயிர் ஒட்டகம் ஒன்று, முதுகில் வாரால் கட்டிய மனித எலும்புக்கூட்டோடு 1880-களில் அரிஸோனாவில் இரவு நேரங்களில் திரிந்ததென்றும், பத்து வருஷம் சென்றபின் ஒரு குடியானவன் தன் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த அதைச் சுட்டு வீழ்த்தியபோது தோலில் வார் பதிந்த தழும்பு மட்டும் இருந்ததென்றும் சொல்கிறார்கள். குளிர்கால நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்க இதைவிட உத்தமமான கதை கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் சித்தம். ஹை ஜாலி மட்டும் நிஜம். ஒட்டகங்களை வைத்துச் சுமைக்கூலி வியாபாரம் செய்து பார்த்தார், நஷ்டம். ராணுவத்துக்குக் கழுதைப் பாரம் ஓட்டினார். டூஸான் நகரில் கல்யாணம் செய்துகொண்டார். கடைசியில் பொன் தேடி இந்தப் பக்கம் வந்து, 1902-இல் இங்கேயே காலமானார். 1935-இல் அரிஸோனா நெடுஞ்சாலை இலாகா கட்டியதுதான் நான் சொன்ன பிரமிடு. மனிதருக்கு ஓய்வு என்பதே வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற லட்சக்கணக்கானோர் இன்று அவர் சமாதியைச் சுற்றி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

அடடா, எதிரே கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் விரலைக் காட்டுகிறார்கள். கடைத்தெருவை ஒட்டகம் தின்றுவிட்டது. 1967 முதல் வருஷந்தோறும் நடக்கும் ரத்தினக் கற்கள் சந்தையை அடுத்த முறைதான் சொல்ல வேண்டும். பால் வைனர் என்ற புத்தக வியாபாரியையும் அப்படியே. பியானோ வாத்தியத்தில் தேர்ந்தவர். 2019-இல் காலமாகும்வரை தொப்பியையும் மணிமாலையையும் ஒரு கோவணத்துக்குச் சமானமான துணியையும் மட்டுமே அணிந்து, பாலைவனத்தின் நடுவே நேர்த்தியான புத்தகக்கடை நடத்தினார். ராச்சாப்பாட்டை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் ஏழெட்டு வண்டிக்காரர்கள் அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். நம் உபாத்தியாயினி அம்மாள் கனத்த இரும்புச் சட்டி ஒன்றில் பீச் பழத்துண்டங்களையும் சர்க்கரையையும் இட்டு, மேலே மாவைப் பரப்பி மூடி, கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுவதுபோலக் கீழேயும் தணல், மூடிமேலும் தணலிட்டு, முக்கால் மணி நேரம் தொட மாட்டார். மூடியைத் திறக்கும் க்ஷணத்தில் பேச்சு நின்றுவிடும். மேல்மாவு பொன்னிறமாக வெடித்து, வெடிப்புகளில் பழச்சாறு கொதித்துக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்குமேல், தெற்கே மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால், நம் ஊரில் நன்றாக உயர்ந்து விளங்கும் அகத்திய நட்சத்திரம் அங்கே தொடுவானத்துக்கு மூன்று நான்கு பாகை மேலே எட்டிப் பார்ப்பதையும் காணலாம். அதை முதலில் சுட்டிக்காட்டியவனுக்கு இரண்டாம் கரண்டிப் பழப்பணியாரம் என்று ஒரு வழக்கத்தை நான்தான் ஏற்படுத்தினேன். மற்றவர்களுக்கு அந்த நட்சத்திரம் தெரியாதாகையால் எனக்குப் போட்டி கிடையாது.

நேயர்களில் யாரேனும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கரண்டி இம்மூன்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பழப்பணியாரத்துக்கு யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஆனால் விருந்தாளிக்கென்று தனித்தட்டு எந்த வண்டியிலும் கிடைக்காது. அதைக் கழுவுகிற தண்ணீரை யார் கொடுப்பது?