மணிக்கட்டில் முந்நூறு மீட்டர்

ஒமேகா நிறுவனத்தின் சீமாஸ்டர் டைவர் 300 எம் என்ற கைக்கடிகாரத்தை முதலில் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1993ல் வெளிவந்தது. கண்ணாடியைச் சுற்றி அறுபது நிமிடங்கள் குறித்த ஒரு வளையம் உண்டு. அது ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். முக்குளிப்பவர் நீரில் இறங்கும்போது வளையத்தின் தொடக்கப் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்கள் ஒரே பார்வையில் தெரியும். எங்காவது இடித்து வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் சீக்கிரமாக மேலே வந்துவிடுவார். காற்று தீரும்வரை உள்ளே இருந்துவிட மாட்டார். பத்து மணிக்கு நேரே விளிம்பில் இன்னொரு சிறு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் அழுத்த அறையில் தங்கி, ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, கடலடியில் வேலை செய்கிறவர்களுக்கானது அது. ஹீலியம் அணு மிகச் சிறியது. இறுக மூடிய கடிகாரத்துக்குள்ளும் கசிந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் நேரத்தில் அது வெளியேற வழியில்லை என்றால் கண்ணாடி பெயர்ந்து தெறிக்கும். அதற்குத்தான் அந்தக் குமிழ்.

இத்தனை நுட்பமும் கொண்ட கடிகாரத்தை விளம்பரங்களில் அடிக்கடி யார் கையில் பார்க்கிறோம்? பாய்மரப் படகுப் பந்தயக்காரர் கையில். அவருடைய வேலையெல்லாம் தண்ணீருக்கு மேலே. முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு அவர் போக நேர்ந்தால் மணி பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். பிறகு ஏன் இந்த உறவு? முக்குளிப்பவருக்கும் மாலுமிக்கும் இயந்திரக் கடிகாரம் கட்டாயத் தேவையாக இருந்த காலம் முடிந்த பிறகுதான் இந்த உறவு இவ்வளவு நெருக்கமானது என்பதே இன்றைய உரையில் நான் சொல்ல வருவது. பந்தயத்துக்குக் கடிகாரம் செய்யும் உதவி கொஞ்சம். கடிகாரத்துக்குப் பந்தயம் செய்யும் உதவியே பெரிது.

கடலுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள பழைய பந்தம் உண்மையானது. அதை யாரும் மறுக்க முடியாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கிரீனிச்சில் இப்போது என்ன நேரம் என்று துல்லியமாகத் தெரிந்தால், செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நிலநடுக்கோட்டருகே நேரக்கணக்கில் 4 விநாடி பிசகினால், இடக்கணக்கில் ஒரு கடல்மைல் பிசகும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714ல் சட்டமே போட்டது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் செய்த நான்காவது கடிகாரம் 1761ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. எண்பத்தொரு நாளில் ஐந்து விநாடிதான் பிந்தியது. இன்று ஆடம்பரக் கடிகாரத்தின் முகப்பில் 'குரோனோமீட்டர்' என்று பொறிக்கிறார்களே, அந்தப் பெருமைக்கு மூலம் இங்கே இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தில் அந்தச் சான்று பெறும் ஒரு இயந்திரக் கைக்கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 6 விநாடிவரை முந்தலாம், 4 விநாடிவரை பிந்தலாம். தினமும் 6 விநாடி முந்தும் கடிகாரத்தை ஒரு மாதம் திருத்தாமல் நம்பிப் போனால் கணக்கில் 45 கடல்மைல் பிழை சேர்ந்துவிடும். குறை கடிகாரத்தில் இல்லை. கடலோடிகள் யாரும் அப்படித் திருத்தாமல் நம்பியதும் இல்லை.

அவர்கள் எதை வைத்துத் திருத்தினார்கள் என்பதை வானொலியில் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1910லேயே பாரிஸின் ஐஃபெல் கோபுரத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி வழியாக நேரக்குறி ஒலிபரப்பானது. 1924 முதல் பி.பி.சி. மணிக்கு மணி 'பிப்' ஒலிகளை அனுப்பியது. செய்திக்கு முன்னால் நீங்கள் கேட்டுப் பழகிய அதே வகை ஒலிதான். இதன் பிறகு கடலில் ஒரு கடிகாரம் மாதக்கணக்கில் தனியாகத் துல்லியம் காக்க வேண்டியதில்லை. அடுத்த நேரக்குறி வரும்வரை சீராக ஓடினால் போதும். 1969ல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்து, துல்லியத்தை மலிவாக்கியது. எண்பதுகளில் முக்குளிப்பவர் கையில் சிறு கணினி ஏறி, ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிட்டது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. சாதாரணப் படகுக்கும் தன் இடம் சில மீட்டர்களுக்குள் தெரிந்தது. 2001 முதல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்கும், 2002 முதல் ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்துக்கும் ரோலெக்ஸ் புரவலர். ஒன்றினால்தான் மற்றொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. வரிசையை மட்டும் கவனியுங்கள்.

இதற்கு மறுப்பாக முதலில் சொல்லப்படும் பெயர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். 1966 ஆகஸ்டில் பிளிமத்தில் புறப்பட்டு, சிட்னியில் மட்டும் நின்று, 1967 மே மாதம் தனி ஆளாக உலகைச் சுற்றித் திரும்பியவர். அவர் கையில் இருந்தது ரோலெக்ஸ். பலமுறை அடிபட்டும் அது பழுதாகவில்லை என்றும், செக்ஸ்டன்ட் வேலைக்குப் பயன்பட்டது என்றும் அவர் பிற்பாடு நிறுவனத்துக்கு எழுதினார். நல்ல சான்றுதான். ஆனால் அந்தக் கடிகாரம் ஆழ்கடல் வகையைச் சேர்ந்தது அல்ல, சாதாரண ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல். அடியும் அலையும் தாங்கியதைத்தான் அவர் பாராட்டினார்; ஆழம் அங்கே பேச்சாகவே இல்லை. இன்னும் வலுவான சான்று கோல்டன் குளோப் பந்தயம். 1968ல் நடந்த முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டு ஒரே ஒருவர்தான் முடித்தார். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. ஐம்பதாண்டு கழித்து அந்தப் பந்தயத்தைப் பழைய முறைப்படியே மீண்டும் தொடங்கினார்கள்: ஜி.பி.எஸ். பார்த்துப் படகோட்டக் கூடாது. செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான். 2022ல் புறப்பட்ட பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் முதலிடமும், இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி இரண்டாமிடமும் பெற்றார்கள். இங்கே கடிகாரம் உண்மையிலேயே உழைக்கிறது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி எழுதி, நவீனக் கருவிகளைத் தடுத்து உண்டாக்கிய தேவை அது. அங்கேயும் சிற்றலை வானொலிக்கு இடம் உண்டு.

பந்தயத்தின் தொடக்கத்தில் விநாடிக்கு விநாடி நேரம் முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். வழக்கமான விதிப்படி ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சமிக்ஞை, நான்கில் ஒன்று, ஒன்றில் ஒன்று, பிறகு புறப்பாடு. முன்கூட்டிக் கோட்டைத் தாண்டினால் தண்டனை. அதற்கு வேண்டியது இறங்குமுகமாக எண்ணும் கடிகாரம். ரோலெக்ஸ் 2007ல் கொண்டுவந்த யாட்-மாஸ்டர் 2 அதற்காகவே செய்தது. ஆனால் அது ஆழ்கடல் கடிகாரம் அல்ல. அதே வேலையைப் பிளாஸ்டிக் டிஜிட்டல் கடிகாரம் பெரிய எண்களில் செய்துவிடுகிறது. வெற்றி தோல்வியையும் யாருடைய மணிக்கட்டும் தீர்மானிப்பதில்லை. 2017 சிட்னி–ஹோபார்ட்டில் 628 கடல்மைல் ஓடி 'வைல்ட் ஓட்ஸ் 11' படகு முதலில் வந்து சேர்ந்தது. சிட்னி துறைமுகத்திலேயே 'கமாஞ்சி' படகுக்கு வழிவிடாத குற்றத்துக்காக நடுவர்கள் அதன் கணக்கில் ஒரு மணி நேரம் சேர்த்தார்கள். 26 நிமிடம் பிந்தி வந்த கமாஞ்சிக்கே முதலிடம் போனது.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. எனக்கு மிக நியாயமாகப் படுவதும் அதுவே. இந்த விளையாட்டு செலவு மிகுந்தது, யாராவது தாங்கத்தானே வேண்டும் என்பார்கள். நியூசிலாந்தின் சர் பீட்டர் பிளேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1989–90 விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தின் ஆறு கட்டங்களையும் வென்றவர். 1994ல் நாக்ஸ்-ஜான்ஸ்டனோடு சேர்ந்து 75 நாளுக்குள் உலகைச் சுற்றியவர். 1995ல் அமெரிக்கா கோப்பையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தவர். ஒமேகா அவரோடு கைகோத்தது. பந்தயங்களை விட்டு அவர் கடல் சுற்றுச்சூழல் பயணங்களில் இறங்கியபோதும் ஆதரவு தொடர்ந்தது. அவருடைய கப்பலுக்குப் பெயரே 'சீமாஸ்டர்'. 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில், மக்காப்பா அருகே, கப்பலேறி வந்த கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் எடுத்துப் போனது ஒரு படகு மோட்டாரும் சில கைக்கடிகாரங்களும். அந்தக் கப்பல் பின்னர் 'தாரா' என்ற பெயரில் கடல் ஆராய்ச்சிக் கலமானது. இப்படிப்பட்ட புரவலரைக் குறைசொல்ல நான் வரவில்லை. கொடுத்த பணம் நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அது பந்தயத்தையும் கடலையும் பற்றிய நற்சான்று. கடிகாரத்தின் உழைப்புக்கான நற்சான்று ஆகாது. வாங்குபவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்படி விளம்பரம் பேசுவதுதான் என் புகார்.

மின்கருவி எல்லாம் செத்துப்போனால் கைக்கடிகாரம் காப்பாற்றுமே என்றால், காப்பாற்றும். அப்படியொரு கடிகாரம் வேண்டுவோர் முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தைக் கேட்டு வாங்கலாம். உப்புக்கரைசலில் 24 மணி நேரம் ஊற வைப்பது, குறித்த ஆழத்துக்கு உரியதைவிடக் கால்பங்கு கூடுதல் அழுத்தம் கொடுப்பது, இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். நீர்ப்புகாமைச் சோதனை மாதிரிக்கு ஒன்றிரண்டில் இல்லாமல், ஒவ்வொரு கடிகாரத்திலும் நடக்க வேண்டும். இந்தத் தரத்துக்குச் செய்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்கு வெகு கீழேயே கிடைக்கின்றன. சீமாஸ்டர் பல லட்சம். கூடுதல் பணம் அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்; அதற்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். படகுக்காக வாங்குகிறவருக்கு முதல் வகையே போதும். கூடவே ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியும் இருக்கட்டும்.