பூனை மீது பழி வேண்டாம்



இன்றைய பேச்சு பூனையைப் பற்றியது. பூனையால் பரவும் ஒரு நோயைப் பற்றியது.

காக்ஸ் டவுனில் தெருவுக்கு நாலு பூனை இருக்கும். மார்க்கெட்டில் கறிக்கடை, மீன்கடை பக்கம் போனால் காலைச் சுற்றி வரும். எலித் தொல்லை தீர வேண்டும் என்று பலர் வீட்டில் பால் ஊற்றி வளர்க்கிறார்கள்.

ஒரு வீட்டை மனதில் நினைத்துப் பாருங்கள். மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி. வீட்டில் ஒரு பூனை. மாமியார் மகனிடம் சொல்கிறார்: "பூனை முடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதுடா. கோணியில் கட்டி எங்காவது தூரத்தில் விட்டுவிட்டு வா." மருமகளுக்கு மனம் வரவில்லை. யார் சொல்வது சரி?

மாமியாரின் பயம் நியாயமானது. ஆனால் ஆபத்து பூனையின் முடியில் இல்லை. அதன் மலத்தில் இருக்கிறது.

அந்தக் கிருமியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. அது ஓர் ஒட்டுண்ணி. மற்ற உயிர்களின் உடலில் ஒட்டி வாழும். கண்ணுக்குத் தெரியாது. 1908-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். பூனையின் மலம் வழியாகப் பரவுகிறது என்று தெரிய இன்னும் ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயின.

பூனைக்கு இது எப்படி வருகிறது? எலியையும் குருவியையும் பச்சையாகத் தின்பதால் வருகிறது. பிறகு பூனையின் மலத்தில் இந்தக் கிருமியின் முட்டைகள் வெளியே வருகின்றன. இரண்டு, மூன்று வாரங்கள் இப்படி வரும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. புதிய மலத்தில் உள்ள முட்டை உடனே நோய் தராது. அது பக்குவப்பட ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் மலத்தை அன்றன்றே அகற்றிவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். விட்டுவிட்டால், ஈர மண்ணில் அந்த முட்டை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வீடு கட்டத் தெருவில் மணல் கொட்டுகிறார்கள். இரவில் பூனை அங்கே மலம் கழித்து மூடுகிறது. பகலில் குழந்தைகள் அதே மணலில் விளையாடுகிறார்கள். கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் மண் கரைந்து தண்ணீரில் சேர்கிறது.

பூனை வளர்க்காதவருக்கும் இந்த நோய் வருமா? வரும். கோயம்புத்தூரில் நடந்ததைக் கேளுங்கள்.

2004-ஆம் ஆண்டு. கண் மங்குகிறது என்று பலர் அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். விழித்திரையில் புண் இருந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்று தெரிந்தது. 2005-க்குள் 248 பேருக்கு இந்தக் கண்நோய் இருப்பது தெரிந்தது. நகரின் குடிநீர் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1995-இல் கனடா நாட்டின் விக்டோரியா நகரிலும் குடிநீரால் இந்த நோய் பரவியது.

தண்ணீரில் குளோரின் கலந்தாலும் இந்த முட்டை சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். அதனால் குடிநீரைக் காய்ச்சி ஆற வைத்துக் குடிக்க வேண்டும். வீட்டுச் சம்ப்புக்கு மூடி போட வேண்டும். மழைநீரும் மண்ணும் உள்ளே இறங்கக் கூடாது.

கறியிலும் இந்தக் கிருமி இருக்கலாம். ஆட்டுக்கறி, பன்றிக்கறி எதுவானாலும் நன்றாக வேக வேண்டும். உப்புக் காரம் பார்க்க அரைவேக்காட்டுத் துண்டை வாயில் போடக் கூடாது. கறி நறுக்கிய அரிவாள்மனையைக் கழுவாமல் கொத்தமல்லி நறுக்கக் கூடாது.

நல்ல உடல்நலம் உள்ளவருக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் தொல்லை தராது. சிலருக்குக் காய்ச்சல் வரும், கழுத்தில் நெறி கட்டும். பிறகு தானே சரியாகிவிடும். ஆனால் கர்ப்பிணிக்கு முதன்முறையாக வந்தால் கருவையும் தாக்கலாம். கரு கலையலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் கெடலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூளையைத் தாக்கலாம். இவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நோய்க்கு மருந்து உண்டு. கண் திடீரென மங்கினாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது அந்த வீட்டுக்கே திரும்புவோம். பூனையைக் கோணியில் கட்டி விட்டால் என்ன ஆகும்? அது வேறு தெருவில் மலம் கழிக்கும். இந்தத் தெருவுக்கு வேறொரு பூனை வரும். வீட்டுக்குள் எலி வரும். கிருமி எங்கும் போகாது.

அதற்குப் பதிலாக மகன் ஒரு வேலை செய்யட்டும். பூனையின் மலத்தைத் தினமும் அவனே அள்ளட்டும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அள்ளி, பையோடு கட்டிக் குப்பையில் போடட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மருமகள் அந்த வேலையைத் தொட வேண்டாம். தோட்டத்து மண்ணிலும் வெறுங்கையால் வேலை செய்ய வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறி போடாமல் வேகவைத்துப் போடட்டும். தெருவில் மணல் கொட்டியவர் அதைத் தார்ப்பாயால் மூடி வைக்கட்டும்.

மருமகள் பூனையைத் தடவிக் கொடுக்கலாம். தடவிய பின் கை கழுவினால் போதும். பிள்ளையும் நலமாகப் பிறக்கட்டும். பூனையும் அதே வீட்டில் இருக்கட்டும்.