தோலின் காவலர்

மனிதனின் தோலை வெறும் போர்வையாகக் கருதுவோரே பலர். அப்போர்வை தனக்கு வேண்டிய மருந்தைத் தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது. விஞ்ஞானிகளின் கருத்தை இவ்வுண்மையின்பாற் திருப்பியதில் ஒரு தவளைக்கும் பங்குண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களிற் பணியாற்றிய மைக்கேல் சாஸ்லொவ், ஆராய்ச்சிக்கு வேண்டிய முட்டைகளைப் பெறுவதற்காக ஆபிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறித் தையலிட்டு, அவற்றை மீண்டும் தொட்டியில் விட்டுவிடுவது வழக்கம். தொட்டி நீரோ கிருமிகள் மலிந்த கலங்கல் நீர். ஆயினும் புண்கள் சீழ் கொள்ளாமல் ஆறின. பலர் கண்டும் காணாது விடக்கூடிய செய்தி இது, அவர் விடவில்லை. 1987ஆம் ஆண்டில், 23 அமினோ அமிலங்கள் கோத்த இரு சிறு சங்கிலிகளைத் தவளைத் தோலிற் கண்டறிந்து வெளியிட்டார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தழுவி அவற்றுக்கு 'மகேனின்' என்று பெயரிட்டார். புரதங்களும் அமினோ அமிலச் சங்கிலிகளே. அவற்றினும் குறுகிய இத்தகைய சங்கிலிகளைப் பெப்தைட்டுகள் என்பர்.

இவை கிருமியைக் கொல்லும் முறை எளியது. பற்றீரியாவின் மென்சவ்வு எதிர்மின்னேற்றம் உடையது. மகேனினோ நேர்மின்னேற்றம் உடையது. ஆகவே அது மென்சவ்விற் சென்று ஒட்டி, அதனைத் துளைத்துவிடுகிறது.

மனிதத் தோலிலும் இத்தகைய காவலர் உளர். ஜேர்மனியின் தியூபிங்கன் ஆய்வாளர் 2001இல் வியர்வையில் ஒன்றைக் கண்டனர். அதன் பெயர் டேர்ம்சிடின். துர்நாற்றத்துக்குக் காரணமென்று பழிக்கப்படும் வியர்வை, தோலெங்கும் மருந்து தெளிக்கிறது! தோலின் உயிரணுக்களும் கதெலிசிடின், டிபென்சின் என்பவற்றை ஆக்குகின்றன. காயம் பட்டவுடன் அவற்றின் அளவு பெருகுகிறது.

இக்காவல் தளர்ந்தால் வரும் துன்பத்தைக் கரப்பான் கண்ட குழந்தைகளிடம் காணலாம். சொறிந்த இடமெல்லாம் கிருமி பற்றிச் சீழ் வடியும். செதிலுதிரும் சொரியாசிஸ் நோயிலும் தோல் வெடிக்கிறது. ஆனால் அங்கே கிருமி பற்றுவது அரிது. இவ்விரு நோயாளரின் தோலையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. கரப்பான் தோலில் இப்பெப்தைட்டுகள் மிகக் குறைந்தும், மற்றதில் மிகுந்தும் இருந்தன. கரப்பான் கண்ட பிள்ளையை அழுக்குப்பிள்ளை என்று ஏசிச் சவர்க்காரத்தால் அழுத்தித் தேய்ப்பது எத்துணைக் கொடுமை! காரமான சவர்க்காரம் தோலின் இயல்பான அமிலத்தன்மையையும் எண்ணெய்ப் பசையையும் குலைத்து, நோயை வளர்க்கவே செய்யும்.

அங்ஙனமாயின் பெப்தைட்டைப் புறத்தேயிருந்து பூசினால் என்ன? அழகுக் களிம்பு விற்போர் இதற்கு விடை கூற விரைவர். மகேனினைப் பின்பற்றி ஆக்கிய களிம்பொன்று நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்கென முன்வைக்கப்பட்டது. வழக்கிலிருந்த மருந்தினும் அது மேலானதென்பது நிலைநாட்டப்படாமையால் 1999இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. மிகுதியும் நன்றன்று. முகஞ்சிவக்கும் ரொசேசியா நோயாளரின் தோலில் கதெலிசிடின் அளவு கடந்திருந்ததை 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்தம் தோலிற் கண்ட பெப்தைட்டுகளை எலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றியபோது, அவற்றின் தோலும் சிவந்து அழன்றது.