ஒரே தட்டில் ஒரே பலகாரம்
(ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)



கிழக்கே போடிநாயக்கனூர்ச் சமவெளி. மேற்கே பூப்பாறை ஏலக்காடுகள். இவ்விரண்டிற்கும் நடுவே வாயிற்படிபோல் நிற்பது போடிமெட்டு. அப்படியைத் தாண்டி மலைமேல் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நாம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு இம்மெட்டிலேயே நின்றது. ஆயினும் நம் அடுப்படி இன்றளவும் தமிழ் அடுப்படியாகவே இருக்கின்றது. அவ்வடுப்படியைக் குறித்தே சில சொல்ல விழைகின்றோம்.

நம் முன்னோர் சுமையோடு கால்நடையாய் மலையேறினர். வயிறார உண்ட சோற்றை அவர்தம் உழைப்பே எரித்தது. இன்றோ நம் மக்களிற் பலர் அமர்ந்து பணிபுரிகின்றனர். உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை, மாலைத் தேநீரோடு பன்னும் ரஸ்கும் கேக்கும் புதிதாய் வந்து சேர்ந்தன. விளைவு யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. வயது வந்தோருள் நூற்றுக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 14 பேர். கேரளத்தில் ஏறத்தாழ 25 பேர். மெட்டின் இருபுறமும் நமக்கு உறவுண்டு. இருபுறத்து நோயும் உறவாகிவிடலாகாது.

நோயினும் கொடியது ஒன்றுண்டு. பேரன் பிறந்தநாளில் எல்லோர் கையிலும் கேக் இருக்க, “தாத்தாவுக்குக் கொடாதே, சர்க்கரை” என்ற ஒரு சொல்லால் வீட்டின் மூத்தவர் விலக்கப்படுகின்றார். அவர் அழுவதில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து திண்ணைக்குச் செல்கின்றார். பலகாரம் பகிர்ந்துண்பதற்கன்றோ? எல்லோரும் உண்ணத்தக்க ஒரே பலகாரத்தைச் செய்தால் இப்பிரிவினைக்கு இடமேது?

அதற்கு முதலில் ஒரு மயக்கம் தெளிதல் வேண்டும். “வெள்ளைச் சர்க்கரைதானே கூடாது, வெல்லம் போட்டேன். மைதாதானே கூடாது, கேழ்வரகு போட்டேன்” என்பர் சிலர். 100 கிராம் மைதாவில் மாச்சத்து சுமார் 74 கிராம்; கேழ்வரகில் 72; வெல்லத்தில் 95. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் மிகுதி என்பது மெய்யே. ஆனால் மாச்சத்துக் குறைவென்பது மெய்யன்று. மாறாக, நிலக்கடலையில் 26 கிராம். கொப்பரையில் 18 கிராம். முட்டையிலோ இல்லையென்றே சொல்லலாம். நமக்கு வேண்டுவன நம் அஞ்சறைப் பெட்டியிலும் அடுக்குப் பானையிலுமே உள்ளன.

இனிச் செய்முறை கூறுவோம். வறுத்துத் தோல் நீக்கி நன்கு ஆறிய நிலக்கடலை 100 கிராம் எடுத்து, எண்ணெய் விடாதபடி விட்டுவிட்டுப் பொடிக்க. கொப்பரைத் துருவல் 50 கிராம், பொடித்த வெல்லம் 30 கிராம், ஆறு ஏலக்காயின் பொடி, சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்க. நான்கு முட்டைகளை நுரைக்க அடித்து, உருக்கிய வெண்ணெய் 50 கிராமோடு கலக்க. மலையுயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலின் கலவை விரைந்து உப்பிப் பின் அமுங்கும். ஆகவே பேக்கிங் பவுடரைக் கூட்டற்க.

அவன் அடுப்பு இல்லையே எனக் கவலற்க. அடிகனத்த பாத்திரத்தில் விரற்கடை உயரம் மணலோ உப்போ பரப்பி, பிரிமனை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய்ச்சுக. வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் கலவையை ஊற்றி உள்ளே வைத்து, சிறுதீயில் முப்பத்தைந்து நிமிடம் வேகவிடுக. ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாது வரவேண்டும். பத்துத் துண்டாக்கின் ஒரு துண்டில் மாச்சத்து ஏறத்தாழ 6 கிராமே. 150 கிராம் மைதாவும் அதே அளவு சர்க்கரையும் இட்ட கேக்கில் அதுவே 26 ஆகும்.

முட்டை கொள்ளாதார் வறுத்த எள்ளும் கொப்பரையும் இடித்து, ஒட்டுதற்கு இரண்டொரு பேரீச்சம்பழம் சேர்த்து உருட்டலாம். இரண்டிலும் ஏலத்தைக் கைவிடாதீர்கள். மணம் மிகுந்தால் நா இனிப்பைக் குறைவாகவே கேட்கும். உலகெல்லாம் செல்லும் ஏலத்தை நம் கைகள் பறிக்கின்றன. நம் பிள்ளைகளின் பலகாரத்திலும் அது மணக்கட்டும்.

எச்சரிக்கையும் உண்டு. இது மருந்தன்று, கடலையிலும் கொப்பரையிலும் கொழுப்பு மிகுதியாதலின் ஒரு துண்டோடு நிற்க. இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது சோற்றைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரும். வளரும் சிறார்க்குச் சோற்றை மறுத்தலும் வேண்டா. கடலை ஒவ்வாதார்க்கு இப்பலகாரம் ஆகாது.

அடுத்த ஆண்டு விழாவில் லட்டுத் தட்டின் அருகே இத்தகைய தட்டு ஒன்றும் இருக்கட்டும். அதனின்று முதல் துண்டை நம் முதியோர் எடுக்கட்டும்.