பூட்டு எதற்கு, சாவி யாரிடம்?



வரியைப் பற்றிப் பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்பார்கள். நீங்கள் கலைய மாட்டீர்கள் என்ற துணிவோடுதான் தொடங்குகிறேன். நான் பேச வந்தது வெறும் கணக்கன்று. ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடம்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம் இருக்கிறது. அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. அலபாமா 1901-இல் தனக்கென வகுத்துக்கொண்ட அரசியல் சட்டத்தில், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 65 செண்டுக்கு மேல் மாநில அரசு வரி விதிக்கலாகாது என்று எழுதி வைத்தனர். வரி விகிதம் என்பது காலத்தின் தேவை அறிந்து சட்டமன்றம் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அதை அரசியல் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டியது ஏன்?

அச்சட்டத்தை வகுத்தோர் தம் நோக்கத்தை ஒளித்து வைக்கவில்லை. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதே அந்நோக்கம். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்டினால்தான் வாக்கு என்றனர். அந்தத் தலைவரி எதற்கென ஒதுக்கப்பட்டது தெரியுமா? பொதுப் பள்ளிகளுக்கு! ஏழையின் வாக்கைப் பறித்த வரிக்குக் கல்வியின் பெயர்! கறுப்பினக் குழந்தையின் படிப்புக்குத் தம் நிலத்திலிருந்து பணம் போகலாகாது என்ற பெருநிலக்காரரின் எண்ணமும் சொத்து வரியின் உச்சவரம்புக்குப் பின்னே இருந்தது என வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர்.

1933-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வருமான வரியைக் கொண்டுவந்தனர். தனி மனிதருக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று அதற்கும் ஒரு வரம்பு கட்டினர். 1947-இல் மற்றொரு திருத்தம், அந்த வரியை ஆசிரியர் சம்பளத்துக்கென ஒதுக்கியது. நோக்கம் நல்லது, மறுப்பார் யார்? ஆனால் விகிதத்தை உயர்த்த வேண்டுமானால் மீண்டும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு வேண்டும். நிறுவனங்களின் வருமான வரியை 2000-இல் 6.5 விழுக்காடாக உயர்த்தியதும் இவ்வழியில்தான்.

சொத்து வரிக்குப் பூட்டு. வருமான வரிக்குப் பூட்டு. எஞ்சியது எது? விற்பனை வரி! அதைச் சாதாரணச் சட்டத்தாலேயே விதிக்கலாம். ஆகவே பாரம் ரொட்டியின் மேலும் பாலின் மேலும் ஏறிற்று. காடுகளின் உரிமையாளரும் கூலிக்காரரும் ஒரு ரொட்டிக்கு ஒரே வரி! 2003-இல், நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலர் ஈட்டினாலே வருமான வரி கட்டத் தொடங்க வேண்டும் என்ற நிலை அங்கே இருந்தது.

அவ்வாண்டு ஆளுநர் பாப் ரைலி ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். வரியைக் கூட்டுவோர் எனப் பெயரெடுத்தவர் அல்லர். ஏழையின் வரியைக் குறைத்து, வசதி படைத்தோர் வரியைக் கூட்டி, ஏறத்தாழ 120 கோடி டாலர் திரட்டும் திட்டம் அது. செப்டம்பர் 9 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மூவரில் இருவர் வேண்டாம் என்றனர். அத்திட்டத்தால் நன்மை பெற இருந்தோரிலும் எண்ணற்றோர் வேண்டாம் என்றனர்! பணம் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இல்லை.

2022-இல் மக்கள் வாக்களித்து, அந்த அரசியல் சட்டத்திலிருந்த இனவெறிச் சொற்களை நீக்கினர். வரி வரம்புகளோ நின்றன. சொல் போயிற்று, பூட்டுப் போகவில்லை.

"பூட்டி வைத்தால்தானே பள்ளிப் பணம் பத்திரமாக இருக்கும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இது: பள்ளிக்கென்று வாங்கிய காசு பள்ளிக்கே சேர வேண்டும் என்பதைப் பூட்டுங்கள், எவ்வளவு வாங்குவது என்பதைப் பூட்டாதீர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பிள்ளைகளின் எண்ணிக்கை 1901-இல் நின்றுவிடவில்லை. விலைவாசி 1933-இல் நின்றுவிடவில்லை. விகிதம் மட்டும் நிற்கலாமா?

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2017 சூலை 1 முதல் சரக்கு, சேவை வரியின் விகிதத்தைப் பரிந்துரைப்பது ஒரு மன்றம். அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வலிமை ஒன்றிய அரசுக்கு. நான்கில் மூன்று பங்கு ஆதரவின்றித் தீர்மானம் நிறைவேறாது. மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுகூடினாலும் ஒன்றிய அரசின் இசைவின்றி விகிதம் மாறாது என்பதே இதன் பொருள். அங்கே பழைய ஏடு சாவியை வைத்திருக்கிறது. இங்கே தில்லி வைத்திருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் கையில் அது இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆனால் தோழர்களே, சாவியைக் கேட்பவர் கணக்கைக் காட்டவும் கடமைப்பட்டவர். ரைலி தோற்றது திட்டத்தின் குறையால் அன்று, நம்பிக்கையின் வறட்சியால். வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத் தெருமுனையில் நின்று, திண்ணையில் அமர்ந்து, மக்களுக்கு விளங்கச் சொல்லுங்கள். விளங்கிய மக்கள் தம் பிள்ளையின் பள்ளிக்கு எதிராக ஒருபோதும் வாக்களிக்க மாட்டார்கள்.